சூப்பர்ஹீரோ அட்டைப்படம்: மூல ஓவியமா, உள்பக்கமா, பழைய இதழா?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். போனஸ் வந்திருக்கிறது, ஒன்றரை லட்சம் ஒதுக்கிவிட்டார், கூடத்துச் சுவரில் பேட்மேன் அட்டைப்படத்தின் மூல ஓவியம் தொங்க வேண்டும். "அண்ணா, அந்தப் பணத்துக்குத் தங்கம் வாங்கலாமே என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன பதில் சொல்வது?" அதே வாரம் பிரேசர் டவுனிலிருந்து ஓர் அம்மா. மகனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் வருகிறது, பையன் ஸ்பைடர்மேன் பைத்தியம், கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. மூன்றாமவர் சிவாஜிநகரில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். அவருக்கு அமெரிக்க நாயகர்கள் யாரும் வேண்டாம். சிறுவயதில் தொலைத்த இரும்புக்கை மாயாவி அட்டைப்படம் திரும்பக் கிடைத்தால் போதும்.

கேட்பது மூவரும் ஒன்றைத்தான் என்று தோன்றும். ஆனால் மூவருக்கும் தேவைப்படுவது வெவ்வேறு பொருள். இருபது ஆண்டுகளாக இந்தக் கிறுக்கில் இருக்கிறேன். அல்சூரில் என் வீட்டுச் சுவரில் மூன்று சட்டங்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று ஏமாந்து வாங்கியது. அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

## முதலில், மூல ஓவியம் என்றால் என்ன?

பலருக்கு இங்கேதான் முதல் அதிர்ச்சி. அச்சில் சிவப்பும் நீலமுமாகத் தகதகக்கும் அட்டைப்படத்தின் மூலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நாயகனின் உடைக்கு நிறமே இருக்காது. அமெரிக்க காமிக்ஸில் ஒருவர் பென்சிலால் வரைவார், இன்னொருவர் அதன்மேல் மை போடுவார், நிறம் தீட்டுவது மூன்றாமவர் வேலை. கணினிக்கு முந்திய காலத்தில் அந்த நிறம் தனியொரு நகல்தாளில் வழிகாட்டியாகத் தீட்டப்பட்டு அச்சகத்துக்குப் போகும், மூலத் தாளின்மேல் ஏறாது. ஓவியரே முழுக்க வண்ணம் தீட்டிய அட்டைப்படங்களும் உண்டு. அவை வேறு சாதி, விலையும் வேறு.

தாள், பிரிஸ்டல் என்ற கனமான வரைதாள். 1967-ஐ ஒட்டிய காலம் வரை அச்சுப் பக்கத்தைப்போல் இரு மடங்கு அளவில் வரைந்தார்கள். அதன்பிறகு 11 அங்குல அகலம், 17 அங்குல உயரம் கொண்ட தாள் நடைமுறைக்கு வந்தது. ஓவியம் அதற்குள் ஏறத்தாழ 10-க்கு 15 அங்குலம். கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது படமல்ல, வேலை நடந்த தடம். அழியாமல் விட்ட வெளிர்நீலப் பென்சில் கோடுகள் தெரியும். அச்சகக் கேமராவின் படச்சுருள் அந்த நீலத்தைக் காணாது என்பதால் அவற்றை அழிக்க யாரும் மெனக்கெடவில்லை. இருண்ட பகுதிகளில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இருக்கும், "இங்கே கறுப்பை நிரப்பு" என்று பென்சில்காரர் மைக்காரருக்குச் சொன்னது. மூக்கைத் திருத்திய இடத்தில் வெள்ளை மை மேடுதட்டியிருக்கும். மேலே, இதழின் பெயரைப் புகைப்பட நகலாக எடுத்து ஒட்டிய இடம். அந்தப் பசை நாற்பது ஆண்டில் தேநீர்க் கறைபோல் பழுத்துவிடும். அறுபது, எழுபதுகளின் தாள்களைப் புரட்டினால் பின்புறத்தில் காமிக்ஸ் தணிக்கைக் குழுவின் முத்திரையைப் பார்க்கலாம்.

அட்டைப்படத்துக்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. கடையில் பத்தடி தூரத்தில் நிற்பவனை இழுக்க வரைந்தது அது. மேலே கால் பங்கு பெயருக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும், கீழ் மூலையில் விலைப்பட்டைக்கு ஒரு கட்டம். பெயரும் நிறமும் உதிர்ந்தபின் அந்தக் காலியிடம் மட்டும் சுவரில் வெறுமையாக நிற்கும். சிலருக்கு அதுவே அழகு. சிலர் "இதற்கா இவ்வளவு?" என்பார்கள். நீங்கள் எந்தச் சாதி என்று பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

கை. நீங்கள் விரும்பும் ஓவியரின் கை அந்தத் தாளைத் தொட்டதா? கேட்க எளிது, பதில் சிக்கலானது. ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த 1962-ஆம் ஆண்டின் 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. அவர் வரைந்த அட்டைப்படத்தை ஒதுக்கிவிட்டு, ஜாக் கர்பியை வரையச் சொல்லி, அதன்மேல் டிட்கோவை மை போடச் சொன்னார்கள். டிட்கோவின் ரசிகர் அந்த இதழில் அட்டைப்படத்தைத் தேடிப் போனால் பாதி டிட்கோதான் கிடைப்பார்.

நினைவு. உங்கள் மனத்தில் இருப்பது கோடா, அச்சில் பார்த்த நிறமா?

மொத்தப் பணம். ஏல விலை அல்ல, ஆணியில் மாட்டும்வரை ஆகும் மொத்தம்.

வீடு. வெயில், ஈரம், ராமபாணப் பூச்சி, பந்தடிக்கும் குழந்தைகள்.

விற்க நேர்ந்தால். இதைக் கடைசியில் வைத்தது தற்செயல் அல்ல. விற்பதையே முதலில் நினைப்பவர் அந்தத் திருநெல்வேலி வீட்டம்மா சொல்வதைக் கேட்டுத் தங்கம் வாங்கிவிடலாம்.

| தேர்வு | ஓவியரின் கை | அட்டைப்பட நினைவு | மொத்தச் செலவு | வீட்டில் பராமரிப்பு | திரும்ப விற்றால் |
|---|---|---|---|---|---|
| அச்சான அட்டைப்படத்தின் மூலம் | உண்டு, ஆனால் யாருடைய கை என்று பார்க்க வேண்டும் | கோடு உண்டு, நிறம் இல்லை | லட்சங்களிலிருந்து கோடிகள் வரை | கவனம் வேண்டும் | வெளிநாட்டுச் சந்தையில் நன்று |
| உள்பக்க மூலம் | முழுமையாக | இல்லை | பல்லாயிரத்திலிருந்து லட்சங்கள் வரை | கவனம் வேண்டும் | நாயகன் பக்கத்தில் இருந்தால் நன்று |
| சொல்லி வரையவைத்தது | உண்டு | நீங்கள் கேட்டபடி | சில ஆயிரங்களிலிருந்து | மார்க்கர் என்றால் ஆபத்து | குறைவு |
| பழைய இதழ் | இல்லை | அப்படியே | நூறு ரூபாயிலிருந்து எவ்வளவும் | மலிவான தாள், பழுக்கும் | தரத்தைப் பொறுத்தது |
| மூல அளவு நகல் நூல் | தடம் மட்டும் | ஓரளவு | பதினைந்தாயிரத்தை ஒட்டி | தொல்லை இல்லை | பரவாயில்லை |

## அச்சான அட்டைப்படத்தின் மூலம்

கனவு இதுதான். ஆகவே முதலில் கனவின் விலை. டாட் மெக்ஃபார்லேன் வரைந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 328-ஆம் இதழின் அட்டைப்பட மூலம் 2012-இல் 6,57,250 டாலருக்குப் போனது. ஃபிராங்க் மில்லரின் 'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' முதல் நூலின் அட்டைப்படம், மின்னலுக்கு முன்னால் பாயும் அந்த நிழலுருவம், 2022-இல் 24 லட்சம் டாலர். ஒயிட்ஃபீல்டு நண்பர் மனத்தில் வைத்திருக்கும் பேட்மேன் அதுதான் என்றால் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பையே விற்றாலும் முன்பணம் தேறாது.

எல்லா அட்டைப்படமும் அந்த விலையில்லை என்பதும் உண்மை. பெயர் பெறாத ஓவியர், இரண்டாம் வரிசை நாயகன், ஓடாமல் நின்றுபோன தொடர் என்று இறங்கி வந்தால் சில ஆயிரம் டாலரில் அசல் அட்டைப்படம் கிடைக்கும். ஆனால் என் கேள்வி இது: உங்களுக்கு நினைவே இல்லாத ஓர் இதழின் அட்டைப்படத்தை, 'அட்டைப்படம்' என்ற சொல்லுக்காக மட்டும் வாங்குவீர்களா? நான் மாட்டேன்.

மறைசெலவுகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் ஆயிரம் டாலருக்கு ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள், அதாவது 90,000 ரூபாய். ஏல நிறுவனத்தின் வாங்குவோர் கட்டணம் ஏறத்தாழ 20 சதவீதம் சேர்ந்தால் 1,200 டாலர். காப்பீட்டுடன் அனுப்ப 80 டாலர். இப்போது 1,15,200 ரூபாய். சுங்கத்தில் வரி போடுவது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. நான் கடைசியாக ஒன்றை வரவழைத்தபோது எல்லா வரியும் சேர்ந்து கால் பங்கை ஒட்டி வந்தது. விகிதங்கள் மாறுகின்றன, ஆனாலும் பாதுகாப்புக்கு அதையே வைத்தால் இன்னும் 28,800. வெளிநாட்டுப் பணத்துக்கு அட்டை நிறுவனம் பிடிப்பது நாலாயிரம். சட்டம் போட ஐந்தாயிரத்துச் சொச்சம். தொண்ணூறாயிரத்துக்கு வாங்கியது சுவரில் ஏறும்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

ஒரு சின்ன யோசனை. சுங்க அட்டவணையில் கையால் வரைந்த ஓவியங்களுக்கு 97-ஆம் அத்தியாயம் இருக்கிறது, அச்சிட்ட படங்களுக்கு 49. "கையால் வரைந்த மூல ஓவியம்" என்று பில்லில் தெளிவாக எழுதித் தரும்படி விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "காமிக் ஆர்ட்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் கூரியர்காரர் தனக்குத் தோன்றிய பெட்டியில் போடுவார், விளக்கம் சொல்ல நீங்கள் அலைவீர்கள்.

இப்போது என் ஏமாற்றம். பத்தாண்டுக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் 'அசல் அட்டைப்படம்' ஒன்றை வாங்கினேன். வந்தது, நன்றாகத்தான் இருந்தது. மேசை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைத் தாளுக்குக் கிடையாகப் பிடித்துப் பார்த்தபோது மை மின்னியது, ஆனால் மைக்கு அடியில் பென்சில் அழுத்திய பள்ளம் ஒன்றுகூட இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் அடிக்கோடுகள் மிக மெல்லிய நீலப் புள்ளிகள், அதாவது அச்சு. பென்சில் ஓவியத்தை ஸ்கேன் செய்து நீலத்தில் அச்சிட்டு, அதன்மேல் வேறொருவர் மை போட்டிருக்கிறார். இந்தக் காலத்தில் இது சர்வ சாதாரண வேலைமுறை, மோசடி அல்ல. நான் யாருக்காக வாங்கினேனோ அந்தப் பென்சில்காரரின் தாள் உலகில் வேறெங்கோ இருந்தது. என்னிடம் வந்தது மைக்காரரின் தாள். விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. இப்போது முதல் கேள்வியாகக் கேட்பது: "பென்சிலும் மையும் ஒரே தாளிலா?"

இன்னும் புதிய அட்டைப்படங்களில் தாளே கிடையாது. மின்பலகையில் வரைந்து கோப்பாக அனுப்பிவிடுகிறார்கள். "ஒரே ஒரு பிரதி" என்று அதை அச்சிட்டுக் கையொப்பமிட்டு விற்றால், அது கையொப்பமிட்ட அச்சு மட்டுமே.

யாருக்கு ஏற்றது: ஐந்து லட்சத்துக்கு மேல் நிம்மதியாக முடக்கக்கூடியவர், குறிப்பிட்ட ஒரே ஓர் இதழைத் துரத்துகிறவர், நிறம் இல்லாமலும் அந்தப் படத்தை நேசிப்பவர். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

## உள்பக்க மூலம்

அட்டைப்படங்களை மிஞ்சும் விலை இங்கேயும் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 2022 ஜனவரியில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்று அமெரிக்க காமிக்ஸ் உள்பக்கங்களில் அதுவரையிலான எல்லா விலையையும் தாண்டியது ஒன்று; மேலே சொன்ன இரண்டு அட்டைப்படங்களும் அந்த விலைக்குக் கீழேதான். 1984-இல் வந்த 'சீக்ரெட் வார்ஸ்' எட்டாம் இதழின் 25-ஆம் பக்கம் அது, மைக் ஸெக் வரைந்தது. ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை வந்த கதையைச் சொல்லும் பக்கம்.

அது விதிவிலக்கு. ஆனால் அதற்குள் இருக்கும் நியாயம் பொதுவானது. அட்டைப்படம் விளம்பரப் பலகை, உள்பக்கம்தான் கதை. ஐந்தாறு கட்டங்களில் ஓர் ஓவியர் எங்கே நிறுத்துகிறார், எங்கே ஓடவிடுகிறார், ஒரு முகத்தைச் சொல்ல எத்தனை கோடு போதும் என்று நினைக்கிறார் என்பதெல்லாம் உள்பக்கத்தில்தான் தெரியும். என் சுவரில் இருப்பதில் நான் அதிகம் நின்று பார்ப்பது ஓர் உள்பக்கத்தைத்தான். நாயகன் அதில் ஒரே கட்டத்தில் வருகிறான், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. மற்றதெல்லாம் மழை பெய்யும் ஒரு தெரு. அந்த மழையை ஓவியர் முதலில் கறுப்பாக நிரப்பிவிட்டு, பிறகு சவரத் தகடால் தாளைச் சுரண்டி வெள்ளைக் கோடுகளாக எடுத்திருக்கிறார். விரலால் தொடாமலே சுரண்டிய மேடு தெரிகிறது. அச்சிட்ட இதழை நூறு முறை பார்த்தாலும் இது புலப்படாது.

விலையைத் தீர்மானிப்பது நாயகன் முழு உடையில் இருக்கிறானா என்பது. முழுப்பக்கப் படம் என்றால் அட்டைப்பட விலையை நெருங்கும். முகமூடி இல்லாமல் அலுவலகத்தில் காப்பி குடிக்கும் பக்கம் என்றால் நான்கில் ஒரு பங்குக்கும் கிடைக்கும். எனக்கு இந்தக் காப்பிப் பக்கங்கள்மேல் தனி ஆசை. சந்தை அவற்றை மதிப்பதில்லை என்பது எனக்கு லாபம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அறுபதுகளின் பக்கங்கள் ஓவியர் கைக்குத் திரும்பாமலே சந்தைக்கு வந்தவை பல. ஜாக் கர்பி பல ஆண்டுகள் போராடி, 1987-இல் தம் பழைய நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்றது ஏறத்தாழ 2,000 பக்கங்கள். அவர் வரைந்தது பத்தாயிரத்தைத் தாண்டும். மீதி எந்த வழியில் யார் கைக்குப் போனது என்று பல பக்கங்களுக்குச் சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவிலிருந்து ஓவியர்களுக்கே திருப்பித் தரும் வழக்கம் வந்தது. மனச்சாட்சி உறுத்தாமல் வாங்க வேண்டுமென்றால் அதற்குப் பிந்தியதைத் தேடுங்கள், முடிந்தால் ஓவியரிடமோ அவருடைய முகவரிடமோ நேரடியாக.

யாருக்கு ஏற்றது: ஒயிட்ஃபீல்டு நண்பருக்கு. ஒன்றரை லட்சத்தில் அட்டைப்படத்தைத் துரத்தினால் யாருக்கும் வேண்டாத ஒன்று கிடைக்கும். அதே பணத்தில் அவருக்குப் பிடித்த ஓவியரின் நல்ல உள்பக்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

## சொல்லி வரையவைப்பது

பெங்களூரில் 2012-லிருந்து காமிக் கான் என்ற காமிக்ஸ் திருவிழா நடக்கிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓவியர்களின் மேசை வரிசைக்குப் போய்விட்டால் மற்ற கூச்சல் கேட்காது. அங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். சென்ற முறை ஒரு பெண் ஏ3 தாளில் தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு எனக்கொரு பேட்மேன் வரைந்து தந்தார், ஆறாயிரம் ரூபாய். நாற்பது நிமிடம் எதிரில் நின்று பார்த்தேன். மேலங்கியின் மடிப்பை அவர் மணிக்கட்டால் இழுக்கவில்லை, தோளிலிருந்து இழுத்தார். ஒரே மூச்சு, ஒரே கோடு. இந்தக் காட்சியை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது.

புகழ்பெற்ற அட்டைப்படத்தை மறுபடி வரையச் சொல்வதும் வழக்கம்தான். அதே ஓவியரே மறுபடி வரைந்தால் விலை உண்டு. மற்றவர் வரைந்தால் அது மரியாதை, அவ்வளவுதான். எனக்கு இதில் ஆர்வம் குறைவு. அடுத்தவர் நின்ற இடத்தில் நில் என்று ஓவியரிடம் சொல்வதைவிட, "நீங்கள் ஓர் அட்டைப்படம் போட்டால் எப்படிப் போடுவீர்கள்?" என்று கேட்டால் நல்ல படம் வரும்.

கவனிக்க வேண்டியது மை. கரியால் ஆன கறுப்பு மை நிற்கும். சாய மார்க்கர்கள் வெயிலில் வெளுக்கும். சில மலிவு மார்க்கர்களின் கறுப்பு சில ஆண்டுகளில் பழுப்பேறி, கோட்டைச் சுற்றி எண்ணெய்க் கறைபோல் பரவும். வண்ணம் வேண்டாம், மை மட்டும் போதும் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். பணமும் குறைகிறது.

விற்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

## பழைய இதழ்

அச்சான இதழை 'மூலம் இல்லை' என்று இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அட்டைப்படம் என்ற கலை முழுமை அடைவது அச்சில்தான். நிறமும் எழுத்தும் விலையும் சேர்ந்து கடையில் தொங்கிய அந்தப் பொருள்தான் அட்டைப்படம். மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

சிவாஜிநகர்ப் பெரியவருக்கு என் பதில் இதுவே. தமிழ் இதழ் வரிசையான முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. கதை பிரிட்டனில் 1962-இல் தொடங்கியது, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அவர் மனத்தில் இருப்பது பிளாஸ்கோவின் லண்டன் தாள் அல்ல, சிவகாசி அச்சில், சற்றே பிசகிய வண்ணத்தில், மிட்டாய்க்கடை மணத்தோடு வந்த அட்டை. அவருக்கு மூல ஓவியத்தையே கொண்டுவந்து கொடுத்தாலும், "இது இல்லையே தம்பி" என்றுதான் சொல்வார். (நம் தலைமுறையில் 'ஸ்பைடர்' என்றாலும் நியூயார்க் பையன் நினைவுக்கு வருவதில்லை. கூர்ங்காதும் வலைத்துப்பாக்கியுமாக வந்த பிரிட்டன் வில்லன்தான்.)

சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில இதழ்கள் கிடைக்கும். தமிழ் இதழ்களுக்குச் சேகரிப்பாளர்களை நாட வேண்டும். முதல் பதிப்பா, மறுபதிப்பா என்று கேளுங்கள். அட்டையைத் தனியாகப் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள், நடு ஊசியைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்க இதழ்களில் தர மதிப்பீடு செய்து பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் முறை 2000-லிருந்து பரவியது. அரையிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுவார்கள். விற்பவருக்கு நல்ல ஏற்பாடு. படிப்பவருக்கு, மீன்குழம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோல.

## மூல அளவு நகல் நூல்

இதைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியாது, எனக்கு வருத்தம். 2010-இல் டேவ் ஸ்டீவன்ஸின் 'ராக்கெட்டீர்' தொடங்கி 'ஆர்டிஸ்ட்ஸ் எடிஷன்' என்ற வரிசை வருகிறது. மூலத் தாள்களை, கறுப்பு வெள்ளையாக இருந்தாலும், வண்ண ஸ்கேன் செய்து அதே அளவில் அச்சிடுகிறார்கள். நீலப் பென்சில், வெள்ளை மை, பழுத்த பசை, ஓரக் குறிப்பு எல்லாம் அப்படியே தெரிகின்றன. வால்டர் சைமன்சனின் தோர், ஜான் ரொமிட்டாவின் ஸ்பைடர்மேன், மசுக்கெல்லியின் டேர்டெவில் எல்லாம் இதில் வந்துவிட்டன. கதை முழுவதையும் மூலத்தில் படிக்கலாம். கோடீஸ்வரச் சேகரிப்பாளரிடமும் ஒரு முழுக் கதையின் எல்லாப் பக்கங்களும் இருப்பது அபூர்வம்.

நூறு டாலருக்கு மேல் விலை. எடை கூடுதல் என்பதால் தபால் செலவு கடிக்கும். அச்சு நூலுக்கு 2019-இல் வந்த 5 சதவீதச் சுங்க வரி, ஓவியத்துக்கான வரியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பழைய தலைப்புகள் அச்சில் இல்லாமல் போய், இரண்டாம் கைச் சந்தையில் விலை ஏறிவிடுகிறது. பிடித்த ஓவியருடையது வரும்போதே வாங்கிவிட வேண்டும்.

கை இல்லைதான், மேடுபள்ளமும் இல்லை. ஆனால் ரசிப்பதுதான் நோக்கம் என்றால் ரூபாய்க்கு ரூபாய் இதை எதுவும் வெல்லாது. மூலம் வாங்க நினைப்பவரும் முதலில் இதில் ஒன்றை வாங்கி ஆறு மாதம் புரட்டட்டும். நிறமில்லாத பக்கங்கள் ஆறு மாதத்தில் சலித்துவிட்டால் ஒன்றரை லட்சம் மிச்சம்.

## சுவரும் சட்டமும்

பெங்களூர் இதற்குத் தோதான ஊர். சென்னையின் புழுக்கமும் மும்பையின் உப்புக்காற்றும் இங்கே இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் வாங்கும். ஓவியத்தை உள்சுவரில்தான் மாட்ட வேண்டும்.

முதல் முறை ஒரு சட்டக் கடையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கடைப் பையன் பலகையில் பசை தடவிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முப்பது ஆண்டுத் தாள் ஹார்டுபோர்டோடு நிரந்தரமாக ஒட்டியிருக்கும். இப்போது நான் போகும் பெரியவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். தாளை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரா?" ஆமாம் என்றேன். "அப்படியென்றால் இதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், வேறு சுவர் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்." அமிலமில்லாத மவுண்ட் போர்டு, நான்கு மூலைகளிலும் தாளைப் பிடிக்கும் காகித முக்கோணங்கள், கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக்கதிரைத் தடுக்கும் அக்ரிலிக், ஓவியத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையில் காற்றுக்கு ஒரு விரற்கடை. பசையோ ஒட்டுநாடாவோ தாளைத் தொடக்கூடாது. இதைச் செய்ய மறுக்கும் கடையில் கொடுக்க வேண்டாம்.

## மூவருக்கும் என் பதில்

ஒயிட்ஃபீல்டு நண்பருக்கு: உள்பக்கம். அதற்குமுன் ஒரு சனிக்கிழமை எம்.ஜி. சாலையை ஒட்டிய மிட்ஃபோர்டு தோட்டத்தில் இருக்கும் கார்ட்டூன் காட்சிக்கூடத்துக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். சூப்பர்ஹீரோக்கள் இருக்கமாட்டார்கள். மூல வரைவுகள் மாட்டியிருக்கும் நாளாகப் பார்த்துப் போனால், தாளில் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். நீங்கள் வாதாட வேண்டியது குறையும், அல்லது தங்கம்தான் சரி என்று உங்களுக்கே தோன்றும்.

சிவாஜிநகர்ப் பெரியவருக்கு: பழைய இதழ், மடிப்பும் யாரோ ஒரு சிறுவனின் பெயரெழுத்தும் இருந்தாலும் பரவாயில்லை. விலை பாதியாக இருக்கும்.

பிரேசர் டவுன் அம்மாவுக்கு: பதினைந்தாயிரத்தில் அவனுக்குப் பிடித்த ஓவியரின் மூல அளவு நூல் ஒன்று. அந்த ஓவியர் யார் என்று அவனுக்குத் தெரியாமல் கண்டுபிடிக்க, அலமாரியில் முதுகு நைந்த புத்தகம் எது என்று பாருங்கள். பிறந்தநாள் ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூனுக்குள் வரவழைத்துவிடுங்கள், பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை போடச் சொல்லி விற்பவருக்கு எழுதுங்கள். அந்த அளவுப் பெட்டி கூரியர்காரர் வண்டியின் மழைக்கவசப் பைக்குள் நுழையாது.